பின் ஆசனத்துக்குக் கீழே ஒரு சத்தம்

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் ஓய்ந்து அடுத்த வருடம், பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள். தொண்டைமானாற்றில் இருந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிழமை, வாரத்தில் சனி ஞாயிறு தவிர்த்து ஒவ்வொரு நாளும் நான் கார் ஓட்டினேன். பின் ஆசனத்தில் என் மச்சாள் படுத்திருப்பார். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் அதிகம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மச்சாள் என் அண்ணையின் மனைவி; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் குடும்பம் மிஷன் பள்ளிக்கூடமும் ஞாயிறு ஆராதனையுமாக வளர்ந்தது. மச்சாளுடையது கடற்தொழில் குடும்பம். சந்நிதி முருகனுக்குக் கொடியேறும் நாளை வைத்துத்தான் அவருக்கு வருடமே புரளும். அண்ணை விரும்பிக் கட்டியபோது எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. அண்ணை காலமாகி ஏழு வருடமாகியிருந்தது. நான் கல்யாணம் கட்டவில்லை. ஓய்வுபெற்றதும், தனியே இருந்து என்ன செய்வது என்று மச்சாள் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு வேதாகமம், ஒரு முருகன் படம், இரண்டு பிடிவாதக்காரிகள் என்று வீடு நன்றாகத்தான் ஓடியது.

அந்த நேரத்தில்தான் மச்சாளுக்கு மார்பில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றி, தலைமயிர் எல்லாம் கொட்டியபின், கடைசியாகக் கதிர்ச் சிகிச்சை என்றார்கள். ஒருநாளும் தவறக்கூடாது என்று டொக்டர் அழுத்திச் சொன்னார். மச்சாளோ, போதும், இனி ஏலாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் கெஞ்சினேன், நாலாம் நாள் சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்.

"பஸ்ஸிலையோ ஓட்டோவிலையோ மொட்டைத் தலையோடை ஊர் பாக்கப் போகமாட்டன். உங்கடை காரிலை, பின்னுக்குப் படுத்தபடி எண்டால் வாறன். கார் ஓடுமட்டும் வருவன். கார் நிண்டால் நானும் நிப்பன்."

ஓம் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

கார் அண்ணை வாங்கியது. தொண்ணூறுகளில் செய்த யப்பான் கார். நிறம் மங்கி, கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது. ஆனால் ஓட்டம் அருமை. அதன் பராமரிப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் நினைப்பு. எண்ணெய் மாற்றுவேன், பற்றறிக்குத் தண்ணீர் பார்ப்பேன், ரயருக்குக் காற்று பார்ப்பேன். ஒரே ஒரு பழக்கம்: பெற்றோல் தாங்கியை நான் நிரப்புவதே இல்லை. ஊசி எப்போதும் சிவப்புக் கோட்டோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. போர் நடந்த நாட்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் பெற்றோலை மருந்துபோல் பாவித்தவர்கள் நாங்கள். இடம்பெயர்ந்த அன்று ஒளித்துவைத்த ஒரு போத்தல்தான் எங்கள் அப்பாவை மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரி வரை கொண்டுபோனது. பிறகு பழையபடி வரிசைக் காலம் வந்ததும், என் மனது பழைய புத்தியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டது. பெற்றோல் கிடைக்கும்போதெல்லாம் அரைவாசியை உறிஞ்சி எடுத்துக் தகரக் கானில் ஊற்றி, வீட்டில் மறைத்துவைத்துவிடுவேன். காரில் இருக்கும் பெற்றோல் காருடையது, வீட்டில் இருக்கும் பெற்றோல்தான் என்னுடையது என்று ஒரு கணக்கு.

முதல் கிழமை பிழையில்லாமல் ஓடியது. மச்சாள் தலையில் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் படுத்திருப்பார். அச்சுவேலி வரை முருகனோடு கதைப்பார், அதற்குப் பிறகு என்னோடு வாய்காட்டுவார். ஒருநாள் அவர் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோனதற்கு, புன்னாலைக்கட்டுவன் வரும்வரை பேசிக்கொண்டே போனேன். தண்ணீர் வற்றியபிறகும் மோட்டர் ஓடினால் சூடேறிக் கருகிவிடும், நீர்தான் அதைக் குளிர வைப்பது என்று பத்தாம் வகுப்புப் பாடமே நடத்திவிட்டேன். "விளங்கிச்சுது ரீச்சர்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வந்தால்தான் நான் அவருக்கு ரீச்சர்.

இரண்டாம் கிழமை தொடக்கத்தில் கார் முதன்முதலாக மூச்சை விட்டது. ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில், உச்சி வெயிலில். இரண்டு தரம் தயங்கி இழுத்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். போனவர் வந்தவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் துணியைக் கண்வரை இழுத்துவிட்டார். பிறகு சாவித் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஓடியது.

பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். பிளக்குகளை நானே கழற்றித் துடைத்தேன். அடுத்த நாளும் அதே இடத்துக்குக் கிட்ட நின்றது. தெல்லிப்பழைக்குப் போகும் வழியில் கார் திருத்தும் கராச் ஒன்று இருந்தது. அதை வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். அங்கே கொண்டுபோனால் கார் மிக ஒழுங்காக ஓடியது. "இஞ்சை வந்தால் நல்ல பிள்ளையா நிக்குது" என்று அவர் சிரித்தார். நான் சொன்னபடி, பெற்றோலில் தூசி தும்பை வடிக்கும் வடியை மாற்றினார். வேறு ஏதோ பார்க்க வேண்டும் என்று அவர் வாயெடுத்தபோது, தேவையில்லை, வடிதான் பிழை என்று நான் முடித்துவைத்தேன்.

அந்த நாட்களில்தான் மச்சாள் சொல்லத் தொடங்கினார்.

"மச்சாள், எனக்குக் கீழை ஏதோ இரையுது."

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். எஞ்சின் சத்தமும் ஜன்னல் காற்றும்தான் கேட்டன. என் காது கொஞ்சம் மந்தம் என்பது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. மறுநாளும் சொன்னார். நுளம்பு காதுக்குள் இரைவதுபோல் இருக்கிறது என்றார். மூன்றாம் நாளும் சொன்னபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மருந்து ஏற்றியவர்களுக்குக் காது இரையும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் டொக்டரிடம் போய், இவவுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறது என்று முறையிட்டேன். டொக்டர் மச்சாளைக் கூப்பிட்டு இரண்டு காதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். காது திறமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க மச்சாள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முருகனோடுகூட.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மச்சாள் சின்ன வயதில் தகப்பனின் வள்ளத்துக்காகக் கரையில் காத்திருந்து வளர்ந்தவர். இருட்டோடு இருட்டாகக் கரை திரும்பும் வள்ளங்களில் எது யாருடையது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லுவார், அது பிழைத்ததில்லை என்று அண்ணை பெருமையடிப்பது வழக்கம். அதை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். ஒரு தரமாவது அந்த நேரம் ஞாபகம் வந்ததா என்றால் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் காரைப்பற்றி என்ன சொல்லிவிடப்போகிறார் என்று என் மனதின் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை, கார் போகும் வழியிலேயே நின்றது. அதுவரை திரும்பும்போது நின்றதால் சிகிச்சை தவறவில்லை. இன்று புன்னாலைக்கட்டுவனுக்குக் கிட்ட, சிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லாத நேரத்தில் நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பித் திருப்பி என் கை நொந்தது.

பின்னால் மச்சாள் எழும்பி இருந்தார்.

"காணும் மச்சாள். முருகனே மறிக்கிறான். இனி வீட்டை போவம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். மிகவும் சாந்தமாகச் சொன்னார். கார் நின்றால் நானும் நிற்பேன் என்று அன்று சொன்னதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்குத் திரும்பினால் திங்கட்கிழமை அவரை எழுப்ப என்னால் முடியாது. அந்தக் கராச் மெக்கானிக்குக்கு அழைத்தேன். அழைத்ததும் செய்த முதல் வேலை, நீங்கள் போட்ட வடிதான் சரியில்லை என்று அவரைத் திட்டியதுதான். பாவம், முழுவதையும் கேட்டுவிட்டு, "நிக்கிற இடத்தைச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார்.

பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பொனற்றைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"நிக்க முதல் ஏதும் சத்தம் கேட்டதோ?"

"ஒண்டும் கேக்கேல்லை" என்றேன் நான்.

"கேட்டது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் என்னை விட்டுவிட்டுப் பின் ஜன்னலடிக்குப் போய்க் குனிந்தார். மச்சாள் ஒரு நோயாளி வைத்தியரிடம் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னார்.

"வெளிக்கிடேக்கை மெல்லிசா இரையும். அச்சுவேலி தாண்டக் குரல் ஏறும். வெயில் ஏற ஏறக் கூடக் கத்தும். பிறகு விட்டுவிட்டுக் கத்தும். அது நிண்டவுடனை காரும் நிக்கும். ஒரு கிழமையா சொல்லுறன் தம்பி. இவ என்னைக் கொண்டுபோய்க் காதைச் சோதிச்சவ."

மெக்கானிக் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "அம்மா, நீங்கள் இருக்கிற இடத்துக்கு நேர கீழைதான் பெற்றோல் பம்ப் இருக்கு" என்றார். பெற்றோலைத் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குத் தள்ளுவது அதுதான். தேய்ந்துபோன பம்ப் சூடேறினால் இறுகி நின்றுவிடும், ஆறினால் பழையபடி ஓடும். அதுதான் கராச்சில் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறது. காருக்குக் கீழே அவர் படுத்துக்கொண்டு என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். ஒரு மரக்கட்டையால் தாங்கியின் அடியில் மெதுவாகத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"பிடிச்சிட்டுது!" என்று மச்சாள் கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கணம் எஞ்சின் உயிர்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை வெயிலின்மேல் பழி போட்டேன்.

நிறுத்தாமல் ஓட்டுங்கள் என்று சொல்லி, அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசல்வரை மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். ஐந்து நிமிடம் பிந்திப் போனோம். மச்சாளை உள்ளே எடுத்தார்கள். நான் வெளியே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. "பரவாயில்லை ரீச்சர். நாளைக்குச் சனி தானே, கொண்டுவாங்கோ. நான் பின்னேரம் யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்ப் பம்ப் எடுத்து வைக்கிறன்" என்றார்.

சனிக்கிழமை காலை நான் தனியாகப் புறப்பட்டேன். மச்சாள் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஓய்வெடுக்கச் சொன்னேன்.

"உது என்ரை நோயாளி. நான் வராமல் எப்பிடி?"

கராச்சில் அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு பேருக்குமேல் உள்ள இடத்தில் அவர் இருந்தது அன்றுதான் முதல் தடவை. மெக்கானிக் முதலில் பம்பின் பியூசைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார். குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெற்றோல் முகத்தில் பாயாமல் இருக்கவாம். பிறகு பற்றறிக் கம்பியைக் கழற்றினார். பின் ஆசனத்தைத் தூக்கி வெளியே வைத்தார். அதன் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்ட மூடி. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து, பம்பை மெதுவாக வெளியே எடுத்தார். அதன் அடியில் இருந்த வலைப்பை செம்மண் நிறத்தில் அடைத்துப்போயிருந்தது. அவர் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரீச்சர், தாங்கியைக் காலியாக்கப் பாத்திரம் எடுத்து வச்சனான். இதுக்குள்ளை ஒண்டுமே இல்லையே. எப்பவும் இப்பிடித்தான் ஓடுறனீங்களோ?"

ஓம் என்றேன். கொஞ்சம் பெருமையோடுகூட என்று நினைக்கிறேன்.

அவர் பழைய பம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார். "கிணத்திலை தண்ணி இல்லாமல் மோட்டரை ஓட விடுவீங்களோ ரீச்சர்? இதுகும் மோட்டர்தானே. பெற்றோலுக்குள்ளை மூழ்கி நிண்டால்தான் இது குளிரும்."

கதிரையில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் எழும்பியது. பல மாதமாக நான் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். "கிணத்து மோட்டருக்கு என்னைப் பேசின வாய் எங்கை போச்சுது?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன்.

வலைப்பையில் படிந்த துருவைக் காட்டி, பெற்றோலைக் கானில் அடைத்துவைத்து ஊற்றுகிறீர்களா என்று அவர் கேட்டபோது சிரிப்பு நின்றது. குசினிக்குப் பின்னால் சாய்த்து இறக்கிய பத்தியில், பழைய சாக்குகளுக்கு அடியில் இரண்டு தகரக் கான்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டேன். மச்சாளுக்கே அது தெரியாது. அவர் முகம் மாறியது. "நான் அதுக்குப் பக்கத்திலைதானே விறகடுப்பு மூட்டுறனான்" என்று மட்டும் சொன்னார். எந்த நோயிலிருந்து காப்பாற்ற நான் அவரை இழுத்துக்கொண்டு திரிந்தேனோ, அதைவிடப் பெரிய ஆபத்தை நானே அவர் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அன்று பின்னேரமே மெக்கானிக் வந்து அந்தக் கான்களை எடுத்துப்போனார்.

புதுப் பம்பும் புது வலைப்பையும் பூட்டி, புது றப்பர் வளையம் போட்டு மூடினார். நல்ல பெற்றோல் ஊற்றியபின், எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் மூன்று தரம் போட்டு எடுக்கச் சொன்னார்; திறப்பைப் போட்டால் பம்ப் மட்டும் சில விநாடி ஓடிக் குழாயில் பெற்றோலை நிரப்புமாம். ஆசனத்தைத் திரும்ப வைத்ததும் மச்சாளைக் கூப்பிட்டு அதில் இருத்தினார். என்னை அல்ல.

"அம்மா, இப்ப எப்பிடி?"

நான் இன்னொரு தரம் திறப்பைப் போட, மச்சாள் கண்ணை மூடிக் கேட்டார். "குழந்தை நித்திரை கொள்ளுற மாதிரி" என்றார். மெக்கானிக்குக்கு அந்தச் சான்றிதழ் போதுமாக இருந்தது.

மீதி இரண்டு கிழமையும் கார் ஒருநாளும் நிற்கவில்லை. மச்சாளும் நிற்கவில்லை. கடைசி நாள் சிகிச்சை முடிந்து வரும்போது பெற்றோல் செட்டில் நிறுத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, நிரப்புங்கள் என்று சொன்னேன். ஊசி சிவப்பை விட்டு மேலே மேலே ஏறுவதைப் பார்க்க எனக்கு மனதுக்குள் ஒரு பதற்றம். அதை மறைக்கத்தான், பல நாளாகக் கேட்க நினைத்ததைப் பின்னால் திரும்பிக் கேட்டேன். கார் நின்றால் உங்களுக்கு வசதிதானே. சொன்னபடி வீட்டிலேயே படுத்திருக்கலாம். பிறகு ஏன் அந்தச் சத்தத்தைப்பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்?

மச்சாள் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"முதல்நாள் கேட்டவுடனையே எனக்கு விளங்கிட்டுது, இது கனதூரம் ஓடாது எண்டு. பேசாமல் கிடப்பம், தானா நிக்கட்டும் எண்டுதான் ரெண்டு நாள் கிடந்தனான். பிறகு பாத்தன், நீங்கள் முன்னுக்கு இருந்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும் எண்டு ஓடுறியள். இதுவும் எனக்குக் கீழை கிடந்து கத்திக் கத்தி ஓடுது. நான் மட்டும் நடுவிலை படுத்துக் கிடந்து, எப்ப நிக்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்கே வெக்கமாப் போச்சுது."

பெற்றோல் நிரப்பியவர் மூடியைப் பூட்டித் தட்டிவிட்டுப் போனார். பின்னால் நின்ற கார் கோர்ண் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அந்த முடிவை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், நான் அவரைக் காது சோதிக்கக் கொண்டுபோயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

இப்போது மச்சாளுக்குத் தலைமயிர் முன்னையைவிட அடர்த்தியாக, கொஞ்சம் சுருளாக வளர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம், நல்ல செய்தியோடு திரும்புகிறோம். இனி முன்னுக்கு இருக்கலாமே என்றால் கேட்கமாட்டார். பின் ஆசனம்தான் அவருடைய இடம். தாங்கி எப்போதும் அரைவாசிக்குமேல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் திறப்பைப் போட்டதும் எஞ்சினை இயக்காமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், அவர் கேட்டுவிட்டு ஓம் என்று தலையாட்டிய பிறகுதான் நான் காரை எடுக்கிறேன்.